மேற்கே போன பிச்சைப் பாத்திரம்

1977இல் தாய்லாந்தின் காட்டுமடத் துறவி அஜான் சா லண்டனுக்கு வந்தார். ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வண்டிகள் இரையும் சாலையோரம் இருந்த ஒரு வீடுதான் அப்போது அங்கிருந்த விகாரை. தன்னோடு வந்த அமெரிக்கச் சீடர் சுமேதோவையும் வேறு சில மேற்கத்திய பிக்குகளையும் அந்த வீட்டில் விட்டுவிட்டு அவர் ஊர் திரும்பினார். கிளம்பும் முன் ஒன்றை வலியுறுத்தினார்: நாள்தோறும் காலையில் பாத்திரம் ஏந்திப் பிச்சைக்குப் போங்கள். யாரும் போடாவிட்டாலும் போங்கள்.

இங்கிலாந்தின் குளிரில், காவித் துணிக்கு மேல் கம்பளி போர்த்திக்கொண்டு, தலை மழித்த சிலர் கையில் இரும்புப் பாத்திரத்தோடு பூங்கா வழியே நடந்துபோனார்கள். எதிர்ப்பட்டவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாதவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. தேரவாத விநயப்படி பிக்கு உணவு வேண்டும் என்று கேட்கக் கூடாது. சமைத்துக்கொள்ளக் கூடாது, பணத்தைத் தொடக் கூடாது, உச்சிப்பொழுதுக்குப் பின் சாப்பிடக் கூடாது. இன்று கிடைத்ததை நாளைக்கு எடுத்துவைக்கவும் கூடாது. 2500 ஆண்டுகளாக ஒரு துறவியைத் தினந்தோறும் ஊர்க்காரர் வாசலுக்கு அழைத்துவரும் ஏற்பாடு இது.

1978இல் ஒரு நாள் அந்தப் பூங்காவில் ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒருவர் இவர்களை நிறுத்தி விசாரித்தார். சசெக்ஸ் பகுதியில் ஹேமர் வுட் என்ற காட்டை, அதைப் பழைய நிலைக்கு மீட்கும் எண்ணத்தில் அவர் வாங்கி வைத்திருந்தார். தனி மனிதரால் ஆகிற வேலையாக அது தெரியவில்லை. பிக்குகளோடு பேசிப் பழகியபின் அந்தக் காட்டை அவர்களுக்கே கொடுத்துவிட்டார். சோறு விழாத பாத்திரத்தில் காடு விழுந்தது. மறு ஆண்டு அதன் அருகிலேயே, கூரை ஒழுகி, மரம் உளுத்துப்போய்க் கிடந்த சித்தர்ஸ்ட் மாளிகையை விலைக்கு வாங்கிக் குடியேறினார்கள். பிரிட்டனில் தேரவாதக் காட்டுமட மரபு காலூன்றியது அந்த இடிந்த வீட்டில்தான்.

பௌத்தம் மேற்கில் வேர்விடுகிறதா என்று கேட்பவர்கள் பொதுவாகத் தியானம் செய்பவர்களை எண்ணத் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் அதிக அக்கறை இல்லை. யார் சமைக்கிறார்கள், யார் பரிமாறுகிறார்கள், கணக்கு யார் கையில் இருக்கிறது, குரு தவறு செய்தால் யார் தட்டிக் கேட்பது என்பவைதான் எனக்கு முக்கியமான கேள்விகள். மணிமேகலையின் கைக்கு அமுதசுரபி வந்தபோதும், அதில் முதல் பிச்சை இடத் தகுந்தவர் யார் என்பதுதான் முதலில் எழுந்தது. ஆதிரை என்ற இல்லறத்துப் பெண் இட்ட பிறகுதான் அது சுரந்தது. கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே உள்ள இந்த உறவை மேற்கு தலைகீழாக மாற்றியிருக்கிறது. மற்ற மாற்றங்கள் பெரும்பாலும் அதன் விளைவுகளே.

பர்மாவில் தொடங்கிய மாற்றம்

இலங்கையிலும் தாய்லாந்திலும் பர்மாவிலும் நூற்றாண்டுகளாக ஏற்பாடு எளிமையானது. ஊர் சோறு போடும். பிக்கு சீலம் காப்பார், ஓதுவார், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லித்தருவார், சாவு வீட்டுக்கு வந்து போதிப்பார். தியானம் காட்டில் இருக்கும் சிலரின் வேலை. ஊர் விகாரையில் இருந்த பிக்குகளில் பலர்கூட அதில் இறங்கியதில்லை. வீட்டில் இருப்பவருக்குப் புண்ணியம் போதும்.

மேற்கத்தியர்கள் புண்ணியம் கேட்டு வரவில்லை. எங்களையும் உட்காரவிடுங்கள், எங்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள் என்று வந்தார்கள். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், கல்லூரி மாணவர்கள் எல்லோரும் துறவியின் இருக்கையில் தாங்களே அமர விரும்பினார்கள்.

இதை மேற்கின் கண்டுபிடிப்பாக எழுதும் வழக்கம் இருக்கிறது. அது சரியல்ல. 1885இல் பிரிட்டிஷ் படை மாண்டலேயைப் பிடித்து பர்மாவின் கடைசி மன்னரை நாடுகடத்தியது. சாசனத்தைக் காக்கும் அரசர் போய்விட்டார். இனி யார் காப்பது என்ற தவிப்பில் லெடி சயடாவ் போன்ற பெரியவர்கள் ஊர் ஊராகப் போய்ச் சாதாரண மக்களுக்கு அபிதம்மத்தையும் தியானத்தையும் கற்பித்தார்கள். அந்த மரபில் ஒரு விவசாயி குருவானார். அவரிடம் கற்ற ஊ பா கின், சுதந்திர பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லித்தந்தவர். அவருடைய மாணவர், மாண்டலேயில் பிறந்த வணிகர் எஸ்.என். கோயங்கா, 1969இல் இந்தியா வந்து பத்து நாள் விபாசனா முகாம்களைத் தொடங்கினார். புத்தகயாவில் அவர் நடத்திய முகாமுக்கு வந்தவர்களில் ஜோசப் கோல்ட்ஸ்டைனும் ஷாரன் சால்ஸ்பெர்க்கும் இருந்தார்கள். பேரரசின் அடி தாங்காமல் பர்மா தன் பௌத்தத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்தது. அந்தக் கையிலிருந்துதான் அமெரிக்கா அதை வாங்கிக்கொண்டது. சால்ஸ்பெர்க்கின் ஆசிரியர்களில் ஒருவரான தீபா மா, கல்கத்தாவில் மகளை வளர்த்துக்கொண்டிருந்த விதவைத் தாய். அவர் வீட்டுச் சிறிய அறைக்கு அமெரிக்க இளைஞர்கள் தேடிப் போய் உட்கார்ந்தார்கள்.

அஜான் சாவிடம் துறவியாக இருந்து திரும்பிய ஜாக் கார்ன்ஃபீல்டும் சேர, மூவருமாக 1975இல் இன்சைட் மெடிட்டேஷன் சொசைட்டியைத் தொடங்கி, மறு ஆண்டு மாசசூசெட்ஸின் பாரி என்ற சிற்றூரில் கத்தோலிக்கச் சபைக்குச் சொந்தமாக இருந்த பெரிய கட்டடத்தை வாங்கினார்கள். நடத்துபவர் யாரும் பிக்கு அல்லர். முகாமுக்கு வருபவர் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் கட்டணம் கட்டுகிறார். ஆசிரியர்களுக்கு விரும்பியதைத் தானமாகத் தரலாம். கட்டணம் கட்டியவர்தான் காலையில் கேரட் நறுக்குகிறார், பெரிய அண்டாக்களைத் தேய்க்கிறார், கழிப்பறையைக் கழுவுகிறார். வாய் பேசாமல் செய்யும் அந்த வேலையும் பயிற்சியில் சேர்த்தி. சோறு இடுபவரும் உண்பவரும் துறவியும் ஊராரும் ஒரே ஆளாகிவிட்ட இடம் அது. நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. கொடுப்பதோடு நின்றிருந்த மக்கள், கொடுத்ததன் பயனை நேரடியாகத் தாங்களே அறியும் வாய்ப்பு இது. ஆனால் பத்து நாள் விடுப்பும் கட்டணமும் யாருக்குக் கிடைக்கும்? வெள்ளை நிற நடுத்தர வர்க்கம் அந்தக் கூடங்களை நிறைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

பாரி முகாமில் உட்கார்ந்தவர்களில் ஜான் கபட்-சின் ஒருவர். மூலக்கூறு உயிரியல் படித்தவர். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியோடு வாழும் நோயாளிகளுக்கு சில வார வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். புத்தர் பெயர் இல்லை, சரணம் இல்லை, மந்திரம் இல்லை. முதல் வகுப்பில் ஒவ்வொருவர் கையிலும் ஓர் உலர்திராட்சை. அதை இதுவரை கண்டிராத பொருளைப் போலப் பார்க்க வேண்டும். விரல்களுக்கிடையே உருட்ட வேண்டும், சுருக்கங்களைத் தடவ வேண்டும், காதருகே வைத்துக் கேட்க வேண்டும், முகர வேண்டும். உதட்டில் வைத்ததும் நாக்கு எப்படித் தயாராகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகுதான் கடி. முதுகுவலியால் வருடக்கணக்கில் தூங்காத ஒருவருக்கு, உடம்பில் வலியைத் தவிர வேறு உணர்வுகளும் இருக்கின்றன என்று காட்டும் பாடம் அது. அடுத்து, படுத்தபடியே கால்விரலில் தொடங்கி உச்சந்தலைவரை கவனத்தை நகர்த்தும் பயிற்சி. கோயங்காவின் முகாமுக்குப் போனவர்கள் இதன் பூர்விகத்தை உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

இதிலிருந்து கிளைத்த சிகிச்சை முறையை, திரும்பத் திரும்ப மனச்சோர்வுக்கு ஆளாகிறவர்களுக்குப் பயன்படுத்தலாம் என்று பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டுதல் 2004இல் பரிந்துரைத்தது. வலியில் கிடப்பவர் திரிசரணம் சொன்னால்தான் மருந்து என்று புத்தர் சொல்லியிருக்க மாட்டார். அந்த மருத்துவமனை வகுப்பை நான் மதிக்கிறேன்.

பெரிய நிறுவனங்களின் மனிதவளத் துறைகள் இதைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு மனம் ஒப்பவில்லை. பௌத்தத்தில் நற்கடைப்பிடி என்னும் இந்தக் கவனப் பயிற்சி எண்வழிப் பாதையின் ஓர் அங்கம். அதே பாதையில் நல்வாழ்க்கை முறையும் இருக்கிறது: என்ன வேலை செய்கிறாய், அதனால் யாருக்குக் கேடு என்ற கேள்வி. வேலை நேரத்தைக் கூட்டிவிட்டு, அதைத் தாங்கிக்கொள்ள மூச்சைக் கவனி என்று சொல்லிக்கொடுக்கும் இடத்தில் அந்தக் கேள்விக்கு இடம் இல்லை. சுமையைத் தூக்கி வைத்தவரை விட்டுவிட்டுச் சுமப்பவரின் மனதைத் திருத்தும் வேலை இது. ரொனால்ட் பர்சரும் டேவிட் லாயும் 2013இல் இதைக் கடுமையாகத் தாக்கி எழுதினார்கள். இருவரும் பௌத்தப் பயிற்சியில் ஊறியவர்கள் என்பதால் அந்தக் கண்டனத்துக்குக் கனம் அதிகம்.

கேரட்டில் செதுக்கிய புத்தர்

மேற்கத்திய பௌத்தத்தின் கதையை 1960களின் ஹிப்பிகளிடமிருந்து தொடங்குவது ஒரு பெரிய அநியாயம். தங்க வேட்டைக் காலத்தில் கலிபோர்னியா வந்த சீனத் தொழிலாளர்கள் 1853இலேயே சான் பிரான்சிஸ்கோவில் கோயில் கட்டிவிட்டார்கள். 1882இல் சீனர் வருகையைத் தடுக்கும் சட்டம் வந்து அந்தச் சமூகத்தையே நெரித்தது. 1899இல் ஜப்பானின் ஜோதோ ஷின்ஷு மரபிலிருந்து இரண்டு குருமார்கள் அதே துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பண்ணைகளிலும் மீன்பிடித் துறைகளிலும் உழைத்த ஜப்பானியக் குடும்பங்களுக்காக வந்தவர்கள் அவர்கள். இந்த மரபில் குருமார்கள் மணம் செய்துகொள்வார்கள். தியானத்துக்கு முக்கியத்துவம் இல்லை. அமிதாப புத்தரின் கருணையில் நம்பிக்கையும் நன்றியுமே எல்லாம்.

அமெரிக்கப் பௌத்தத்தின் முதல் பெரிய உருமாற்றம் இவர்களிடம்தான் நடந்தது. அது விருப்பப்பட்டு நடந்ததல்ல. பாயில் உட்கார்ந்தவர்கள் மர பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். ஞாயிறு வழிபாடு, பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி, ஆர்கன் இசையோடு துதிப் பாடல் எல்லாம் வந்தன. அன்னியர் என்ற சந்தேகப் பார்வையில் நாளைக் கழிக்கும் ஒரு சமூகம், பக்கத்துத் தேவாலயத்தைப் போலத் தெரிந்தால் நிம்மதியாக விடுவார்கள் என்று எண்ணியது.

நிம்மதியாக விடவில்லை. 1941 டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டதும் முதலில் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் பௌத்த குருமார்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர்கள் எஃப்.பி.ஐ.யின் பட்டியலில் முன்பே தயாராக இருந்தன. அடுத்த ஆண்டு சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். வீட்டில் இருந்த சூத்திரங்களையும் ஜப்பானிய எழுத்துள்ள தாள்களையும் பயந்து எரித்தவர்கள் பலர்.

ஏப்ரல் 8 புத்தர் பிறந்தநாள். குழந்தைப் புத்தர் சிலையின் தலையில் இனிப்புத் தேநீர் வார்த்துக் கொண்டாடும் ஹனமத்சுரி விழா. 1942இல் குருமார்கள் அடைபட்டிருந்த ஒரு காவல் முகாமில் சிலைக்கு எங்கே போவது? உணவுக்கூடத்திலிருந்து ஒரு கேரட் கிடைத்தது. அதில் குழந்தைப் புத்தரைச் செதுக்கி விழாவை நடத்தினார்கள். டங்கன் ரியூகன் வில்லியம்ஸ் 2019இல் வெளியிட்ட 'அமெரிக்கன் சூத்ரா' என்ற நூல் இந்த முகாம் வாழ்வை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. மேற்கில் பௌத்தம் வேர்விட்ட கணம் எது என்று என்னைக் கேட்டால், எந்த நட்சத்திர குருவின் வருகையையும் சொல்ல மாட்டேன். இந்தக் கேரட்டைத்தான் சொல்வேன்.

1944இல் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் கூடிய கூட்டத்தில் தங்கள் அமைப்புக்கு 'புத்திஸ்ட் சர்ச்சஸ் ஆஃப் அமெரிக்கா' என்று புதுப் பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் பெயர்தான்.

இவ்வளவு நடந்தபின், 1991இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு பௌத்த இதழின் ஆசிரியர், அமெரிக்கப் பௌத்தம் உருவானதில் ஆசிய அமெரிக்கர்களுக்கு இதுவரை குறிப்பிடத்தக்க பங்கு இல்லை என்ற பொருள்பட எழுதினார். முகாம் தலைமுறையைச் சேர்ந்த குருமார் குடும்பத்தில் பிறந்த ரியோ இமாமுரா அதற்கு மறுப்பு எழுதினார். அந்த இதழ் அதை வெளியிடவில்லை. 2012இல் பியூ ஆய்வு மையம் வெளியிட்ட கணக்கின்படி அமெரிக்க பௌத்தர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆசிய வம்சாவளியினர். பத்திரிகை அட்டைகளில் வரும் முகங்களைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. லாவோஸ், கம்போடியா, வியட்நாம் போர்களிலிருந்து தப்பி வந்த குடும்பங்கள் வாடகை வீடுகளைக் கோயிலாக்கி, ஞாயிறுதோறும் சோற்றுப் பானையோடு போய்த் தங்கள் பிக்குகளைக் காத்துவருகிறார்கள். சித்தர்ஸ்ட் பிக்குகளின் பாத்திரத்திலும் ஆரம்ப நாட்களில் விழுந்ததில் பெரும்பங்கு தாய்லாந்து, இலங்கைக் குடும்பங்கள் கொண்டுவந்த சோறுதான்.

கோசாம்பி மக்கள் இல்லாத ஊர்

1959இல் சான் பிரான்சிஸ்கோவின் ஜப்பானியர் பகுதியில் உள்ள சோகோஜி கோயிலுக்கு ஷுன்ரியு சுசுகி என்ற ஐம்பது வயதைத் தாண்டிய குருவை ஜப்பானிலிருந்து வரவழைத்தார்கள். ஈமச்சடங்கும் நினைவு வழிபாடும் செய்துவைக்க வந்தவர் அவர். தினமும் விடியுமுன் தனியே தியானத்தில் அமர்ந்தார். கேள்விப்பட்ட அமெரிக்க இளைஞர்கள் வந்து சுவரைப் பார்த்து உடன் அமரத் தொடங்கினார்கள். பத்தாண்டில் அவர்கள் கூட்டம் பெருகிவிட்டது. சோகோஜி குடும்பங்களுக்குத் தங்கள் குரு இல்லாமல் போனார். 1969இல் சுசுகி அங்கிருந்து விலகி, பேஜ் தெருவில் வாங்கிய கட்டடத்துக்கு மாணவர்களோடு குடிபெயர்ந்தார்.

அதற்கு முன்பே, 1967இல், கலிபோர்னிய மலைக்காட்டின் நடுவில் வெந்நீர் ஊற்று உள்ள தஸ்ஸஹாரா என்ற இடத்தில் அவர்கள் மடம் தொடங்கியிருந்தார்கள். அதில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிற்சி செய்தார்கள். கணவன் மனைவியும் உண்டு. ஜப்பானிய மடங்களில் நினைத்துப்பார்க்க முடியாத ஏற்பாடு. ஊர்ப் பிச்சை இல்லாத மடம் எப்படிப் பிழைக்கும்? கோடையில் வாசலைத் திறந்து விருந்தினரிடம் கட்டணம் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் குளிர்காலம் முழுதும் கதவை மூடிக்கொண்டு தியானம். சமையலறையில் சுட்ட ரொட்டி புகழ்பெற்றது. அங்கே தலைமைச் சமையல்காரராக இருந்த எட்வர்ட் எஸ்பி பிரவுன் 1970இல் எழுதிய ரொட்டிப் புத்தகம் அமெரிக்க வீடுகளில் பரவியது. நகரத்தில் பேக்கரி, பண்ணை, 1979இல் கிரீன்ஸ் என்ற சைவ உணவகம் என்று வளர்ந்தது. அங்கெல்லாம் தியான மாணவர்களே சொற்ப ஊதியத்துக்கு உழைத்தார்கள்.

சுசுகி 1971 டிசம்பரில் காலமானார். தன் வாரிசாக அவர் அமர்த்திய ரிச்சர்ட் பேக்கர்தான் இந்த வளர்ச்சியின் சூத்திரதாரி. 1983இல் அவருடைய தகாத உறவும், மாணவர்கள் எளிமையாக வாழ்ந்தபோது அவர் வாழ்ந்த வசதியான வாழ்வும் வெளியே வந்து, அவர் விலக நேர்ந்தது. அவரோடு இது நிற்கவில்லை. திபெத்திய மரபில் கொலராடோவின் சோக்யம் துருங்பா குடியிலும் மாணவிகளுடனான உறவுகளிலும் மூழ்கியது ஊரறிந்தது. ரிக்பா அமைப்பின் சோக்யால் ரின்போச்சே மீது 2017இல் அவருடைய நீண்டகால மாணவர்கள் எட்டுப் பேர் எழுதிய கடிதம், அடி, அவமதிப்பு, பாலியல் சுரண்டல் என்று விவரித்தது. லாஸ் ஏஞ்சலிஸ் ஜென் குரு ஜோஷு சசாகி நூறு வயதைத் தாண்டிய பிறகுதான் பல பத்தாண்டு அத்துமீறல்கள் 2012இல் பகிரங்கமாயின.

ஆசியாவில் இப்படி நடப்பதில்லை என்று சொல்ல வரவில்லை. நடக்கிறது. ஆனால் விநய நூலில் ஒரு கதை உண்டு. கோசாம்பி நகரத்துப் பிக்குகள் இரு கட்சியாகப் பிரிந்து சண்டையிட்டார்கள். புத்தர் சொல்லியும் கேட்கவில்லை. அவர் மனம் நொந்து காட்டுக்குப் போய்விட்டார். அப்போது ஊர் மக்கள் கூடிப் பேசினார்கள்: இவர்களுக்கு வணக்கம் இல்லை, எழுந்து நிற்பது இல்லை, சோறும் இல்லை. பசித்த பிக்குகள் வழிக்கு வந்தார்கள். புத்தராலேயே முடியாததை ஊர் சாதித்தது.

மேற்குக்குக் குரு மட்டும் விமானமேறி வந்தார். ஊர் வரவில்லை. அவரைச் சிறுவயதில் அறிந்த மூத்த பிக்கு வரவில்லை, விகாரைப் படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கவனிக்கும் கிழவிகள் வரவில்லை. எதிரே இருந்தவர்கள் எல்லோரும் மாணவர்கள், எல்லோரும் அவரை ஞானி என்று நம்ப விரும்பியவர்கள். கண்டிக்கும் ஊர் இல்லாத இடத்தில் பக்தி ஆபத்தானது. அதனால்தான் சான் பிரான்சிஸ்கோ ஜென் மையம் அந்த நெருக்கடிக்குப் பிறகு செய்ததைப் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நிர்வாகக் குழு, நெறிமுறை விதிகள், மடத்தலைவருக்குப் பதவிக்காலம் என்று கட்டமைத்தார்கள். 1996இல் பிளான்ச் ஹார்ட்மன் என்ற பெண் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். துறவாடையை எப்படித் தைப்பது என்று நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கற்பித்தவர் அவர். சிறு சிறு துண்டுகளை இணைத்து, ஒவ்வொரு ஊசிக் குத்துக்கும் சரண வாக்கியத்தை மனதுக்குள் சொல்லியபடி மாதக்கணக்கில் தைக்க வேண்டும். வக்கீலும் செவிலியரும் மாலை வேளைகளில் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து தைத்தார்கள். விதிகளும் தையலும் சேர்ந்துதான் அங்கே கோசாம்பி மக்களின் இடத்தை நிரப்பின.

வீட்டுக்கு வீடு

இந்தக் கதையில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. லண்டனில் எட்வின் ஆர்னால்டு 1879இல் எழுதிய புத்தர் காவியம் மேற்கை மயக்கியது. அதைத் தழுவித்தான் கவிமணி நமக்கு 'ஆசிய ஜோதி' தந்தார். 1880இல் காலியில் பஞ்சசீலம் ஏற்ற அமெரிக்கர் ஆல்காட், அடையாறில் பிரம்மஞான சபையை நடத்தியவர். 1898இல் அவர் துணையோடு கொழும்பு சென்று பௌத்தம் தழுவித் திரும்பிய அயோத்திதாசர், இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஆல்காட் பௌத்தத்தில் அறிவுக்கு ஒத்த மதத்தைத் தேடினார். அயோத்திதாசர் சாதிக்கு முந்திய தம் மக்களின் வரலாற்றைத் தேடினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் இதே முரண் இன்னொரு வெள்ளையர் வாழ்வில் நேர்ந்தது. லண்டனில் பிறந்த டென்னிஸ் லிங்வுட், உலகப் போரில் சிப்பாயாக இந்தியா வந்தவர். படையைவிட்டு விலகி, நாடோடியாகத் தென்னிந்தியாவில் திரிந்து, திருவண்ணாமலையில் விருபாட்ச குகையில் தங்கியிருக்கிறார். பிறகு சங்கரக்சித என்ற பிக்குவாகி, அம்பேத்கரைச் சந்தித்தார். 1956 டிசம்பர் 6 அன்று அம்பேத்கர் இறந்தபோது நாக்பூரில் இருந்து, கலங்கி நின்ற புதிய பௌத்தர்களிடையே பேசினார். அவர் 1967இல் லண்டனில் தொடங்கிய இயக்கம்தான் இன்று திரிரத்னா. அதன் உறுப்பினர் பிக்குவும் அல்லர், வெறும் இல்லறத்தாரும் அல்லர். சங்கரக்சித மீதும் மாணவர்கள் பாலியல் புகார் சொன்னார்கள் என்பதை மறைக்க முடியாது.

அந்த இயக்கத்தினர் 1980இல் தொடங்கிய நிதி அமைப்பு பின்னர் கருணா டிரஸ்ட் ஆனது. பிரிட்டிஷ் இளைஞர்கள் வாரக்கணக்கில் சேர்ந்து தங்கி, மாலையில் வீடு வீடாகக் கதவைத் தட்டி, மகாராஷ்டிரத்தில் தலித் பிள்ளைகளின் விடுதிக்கும் பள்ளிக்கும் பணம் திரட்டினார்கள். மன அமைதி தேடிப் பௌத்தத்துக்கு வந்த ஒருவரை, முன்பின் தெரியாத வாசலில் இன்னொருவர் பிள்ளைக்காகக் கை நீட்ட வைத்த அந்தப் பயிற்சி, மேற்கு உண்டாக்கிய பௌத்த நடைமுறைகளில் எனக்கு மிகவும் பிடித்தது.

பெண்கள் கேட்ட இடம்

தியானக் கூடங்களில் உட்கார்ந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களாக இருக்கும்போது, துறவு மட்டும் ஆண்களுக்கு என்பது எத்தனை நாள் நிற்கும்? தேரவாதத்தில் பிக்குணி சங்கம் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அற்றுப்போயிற்று. பிக்குணியை உருவாக்க இன்னொரு பிக்குணி வேண்டும், அவர் இல்லை, ஆகவே முடியாது என்பது வாதம். தாய்லாந்துச் சங்கம் 1928இல் பெண்களுக்குத் துறவு தரக் கூடாது என்று ஆணையே போட்டது. இங்கிலாந்தில் சுமேதோ 1983இல் ஒரு நடுவழி கண்டார். பெண்களுக்குப் பழுப்பு ஆடையும் பத்துச் சீலமும் தந்து, சீலதாரா என்ற புது நிலை உருவாயிற்று. பிக்குகளோடு சேர்ந்து மடத்தைக் கட்டி எழுப்பியவர்கள் அவர்கள். ஆனால் எவ்வளவு மூத்தவரானாலும் நேற்று வந்த பிக்குவுக்குப் பின்னால்தான் அவர்கள் வரிசை.

அற்றுப்போன கொடிக்கு ஒரு கிளை உயிரோடு இருந்தது. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கைப் பிக்குணிகள் கப்பலேறிச் சீனா போய் அங்குள்ள பெண்களுக்குத் துறவு அளித்தார்கள். அந்தச் சீன மரபு அறுபடவே இல்லை. 1990களில் சாரநாத்திலும் புத்தகயாவிலும் கிழக்காசியப் பிக்குணிகளின் துணையோடு இலங்கைப் பெண்கள் மீண்டும் பிக்குணி ஆனார்கள். இலங்கை கொடுத்தது 1500 ஆண்டு கழித்து இலங்கைக்குத் திரும்பியது.

2009 அக்டோபர் 22 அன்று ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வெளியே, லண்டனில் பிறந்து அஜான் சாவிடம் பயிற்சி பெற்ற அஜான் பிரம், நான்கு பெண்களுக்குப் பிக்குணித் துறவு அளிக்கும் நிகழ்வை நடத்தினார். பத்து நாட்களுக்குள் தாய்லாந்தின் தலைமை மடத்தில் கூடிய மூத்த பிக்குகள் அவரைத் தங்கள் குழுவிலிருந்து நீக்கினார்கள். தாய் மடம் தள்ளிவைத்தால் ஆதரவாளர்கள் விலகிவிடுவார்கள் என்பது இப்படிப்பட்ட நேரத்தில் எழும் அச்சம். பெர்த்தில் அப்படி ஆகவில்லை. அங்கே சோறு கொண்டுவருபவர்கள் இலங்கையர், தாய்லாந்தினர், மலேசியச் சீனர், ஆஸ்திரேலியர் எனக் கலந்தவர்கள். மேற்கின் பௌத்த சபைகள் பல உறுப்பினர் வாக்களிக்கும் சங்கங்களாகப் பதிவு செய்யப்பட்டவை. கொடுப்பவர் கருத்துச் சொல்லலாம் என்பது அங்கே நடைமுறை.

அதே ஆண்டு இங்கிலாந்து மடங்களில் சீலதாராக்களின் கீழ்நிலையை எழுத்தில் உறுதிசெய்யும் விதிகள் வந்தன. சிலர் வெளியேறினார்கள். ஆனந்தபோதி, சந்தசித்தா ஆகிய இருவரும் கலிபோர்னியாவில் ஆலோக விகாரையைத் தொடங்கி, 2011 அக்டோபரில் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து பிக்குணி ஆனார்கள். நிகழ்வு நடந்த இடம் ஸ்பிரிட் ராக்: ஜாக் கார்ன்ஃபீல்டும் நண்பர்களும் இல்லறத்தாருக்காகக் கட்டிய தியான மையம். துறவியின் இருக்கையில் தாங்களே உட்கார்ந்துகொண்டார்கள் என்று குறை சொல்லப்பட்ட அந்த மக்கள்தான், பழைய விநயத்தின் முழு 311 விதிகளையும் ஏற்கத் துணிந்த பெண்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள்.

அந்தப் பெண்கள் கலிபோர்னியாவில் பிக்குணிகள். அஜான் சாவின் சொந்த மடத்துக்குப் போனால், 1928 ஆணை இன்னும் அமலில் இருப்பதால், பிக்குணிகளாக ஏற்கப்பட மாட்டார்கள். அந்த ஆணையை மாற்றும் அதிகாரம் மேற்கில் யாரிடமும் இல்லை. தாய்லாந்திலேயே, இலங்கைக்குப் போய்த் துறவு பூண்டு திரும்பிய பெண்கள் தங்கள் ஊர்த் தெருக்களில் காலையில் பாத்திரம் ஏந்திப் போகிறார்கள். சட்டம் அவர்களை ஏற்கவில்லை. ஊர்ப் பெண்கள் சோறு போடுகிறார்கள்.